மாம்பழமா, மழையா, காபியா: பிள்ளைகள் சொந்தமாகக் கருத்து எழுத எந்தப் பருவம் தோது?

பருவத்தை ஒட்டிய வாசிப்பு என்றதும் எல்லாருக்கும் ஆசை வந்துவிடுகிறது. ஜூனில் மாம்பழம், ஆடியில் மேட்டூர்த் தண்ணீர், ஐப்பசியில் தீபாவளியும் மழையும், தையில் பொங்கல், மலையில் காபி, மே மாதம் ஏற்காடு கோடை விழா என்று சேலத்தில் ஓர் ஆண்டுக்குள் எத்தனையோ வந்துபோகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ட் ஒட்டி, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம், அது கஷ்டமில்லை. ஆனால் மூன்றாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கிற பிள்ளை ஒரு விஷயத்தைப் படித்து, யோசித்து, "நான் இப்படி நினைக்கிறேன், ஏனென்றால்..." என்று சொந்தமாக எழுத நாள் பிடிக்கும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சி, தேர்வு, பதிவேடு எல்லாம் போக, நீண்ட செயல்பாடு ஒன்றுக்குத்தான் ஆசிரியரிடம் உண்மையில் இடம் இருக்கிறது. இரண்டு முடிந்தால் அதிர்ஷ்டம். அந்த ஒன்றை எந்தப் பருவத்தில் வைப்பது?

நான் ஒவ்வொரு பருவத்தையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கிறேன். படிப்பதற்கு முன் பிள்ளைக்கு இருந்த கருத்து, படித்த பிறகு மாறக்கூடுமா? மாற வழியே இல்லாத தலைப்பென்றால் வாசிப்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று ஒட்டாமல் நிற்கும். நடுவில் விடுமுறை வந்து அறுக்குமா, எளிய தமிழில் படிக்க ஏதாவது கிடைக்குமா, யார் பையிலிருந்து காசு போகும் என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

மாம்பழம்: நாக்குக்கு நல்லது, வாதத்துக்குப் போதாது

மாங்கனி நகரத்தில் இருந்துகொண்டு மாம்பழத்தை விட்டுவிட முடியுமா? மல்கோவா, இமாம் பசந்து, செந்தூரா, பெங்களூரா, நடுசாலை, குண்டு என்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதினாலே வகுப்பு களை கட்டிவிடும். வாயில் பேச்சே வராத பிள்ளைகூட, "எங்க தாத்தா வீட்டு மரத்துல..." என்று ஆரம்பித்துவிடும். துண்டு போட்டு, ருசி பார்த்து, எது பிடித்தது என்று வாக்கெடுத்து, காரணத்தை இரண்டு வரி எழுதச் சொல்வது பலரும் செய்கிற செயல்பாடுதான். மூன்றாம் வகுப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. "நார் இல்லை", "கொட்டை சிறிது", "தோலோடு சாப்பிடலாம்" என்று காரணம் நாக்கிலிருந்தே வந்துவிடுகிறது.

குறையும் அங்கேதான். மல்கோவாவைப் பற்றி எவ்வளவு படித்தாலும் பெங்களூரா பிடிக்கிற பிள்ளைக்குப் பெங்களூராதான் பிடிக்கும். பிடிக்கவும் வேண்டும். அங்கே வாசிப்புக்கு வேலை இல்லை. இன்னொரு தொல்லை நாள்காட்டி. சந்தையில் வரத்து கொழிக்கிற ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடுமுறை. ஜூனில் பள்ளி திறக்கும்போது பருவம் இறங்குமுகம். நீலம் கிடைக்கும், நல்ல மல்கோவா வாங்க ஆசிரியர் தன் பர்ஸைத் திறக்க வேண்டும். பிள்ளைகளையே கொண்டுவரச் சொன்னால் யார் வீட்டில் எந்தப் பழம் வாங்குகிறார்கள் என்பது வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அதை நான் செய்ய மாட்டேன்.

மாம்பழத்தையே எடுத்தாக வேண்டும் என்றால் கேள்வியை மாற்றலாம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மண்டிகளில் சோதனை போட்டு, கல் வைத்த பழங்களை அழிக்கும் செய்தி சீசனுக்குச் சீசன் நாளிதழில் வருகிறது. "பறிமுதல் செய்த பழத்தை எல்லாம் அழிப்பது சரியா?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு இரண்டாகப் பிரியும். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் செய்தியைப் படித்த பிறகு குழப்பம் வருகிறது. அந்தக் குழப்பம்தான் நமக்கு வேண்டும். ஆனால் இதற்குச் சில வாரங்கள் தேவை. பள்ளி திறந்த புதிதில் பாடநூல், சீருடை, புதுச் சேர்க்கை என்று ஓடும்போது அந்த வாரங்கள் கிடைப்பதில்லை.

ஆடி, தீபாவளி, பொங்கல்

ஆடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கோட்டை மாரியம்மன் திருவிழாவைப் பற்றிப் பிள்ளைகள் அழகாக வர்ணித்து எழுதுவார்கள். ஆனால் அது வர்ணனை, கருத்து வேறு. எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பில் சாமி விஷயத்தில் "உன் கருத்து என்ன" என்று கேட்காமல் இருப்பதே நல்லது. மேட்டூர் அணை வாசிப்புக்கு அருமையான பொருள். முழு நீர்மட்டம் 120 அடி. குறுவைக்கு ஜூன் 12 என்பது வழக்கமான திறப்பு நாள். நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று தினமும் மூன்று எண்கள் நாளிதழில் இருக்கும். தினம் ஒரு பிள்ளை அதைப் படித்துப் பலகையில் எழுதினால் பெரிய எண்களை வாசிக்கப் பழகிவிடும். ஆனால் தண்ணீரை எப்போது திறப்பது என்பது ஒன்பது வயதுப் பிள்ளை கருத்துச் சொல்லும் விஷயம் இல்லை. அப்பா சொன்னதைத்தான் எழுதும்.

தீபாவளியில் வேறு சிக்கல். "பட்டாசு வெடிக்கலாமா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரை வரும். சுற்றுச்சூழல் மாசு, பறவைகள், முதியோர், "மாசற்ற தீபாவளி கொண்டாடுவோம்". அதை எழுதிய கையே சாயங்காலம் சரவெடிக்குத் திரி கிள்ளும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தப் பதிலுக்கு ஆசிரியர் மார்க் போடுவார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று தமிழ்நாட்டில் நேரம் வைத்திருக்கிறார்களே, அந்த நேரம் சரிதானா, மாற்றலாமா என்று கேட்டால் கொஞ்சம் உண்மை வெளியே வரும். ஆனாலும் தீபாவளி முடிந்த மறுநாள் அந்தக் கேள்வியில் யாருக்கும் ருசி இருக்காது. திருத்தி எழுத இரண்டாவது வாரம் என்று ஒன்று கிடையாது.

பொங்கலுக்கு அரையாண்டு விடுமுறை முடிந்து பத்து நாள்கூட முழுதாக வகுப்பு நடக்காது. அதற்குள் "தமிழர் திருநாள்" கட்டுரையை எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். வேண்டாம்.

மே மாதம்: கேள்வி நன்று, காலம்தான் இல்லை

கோடையைப் பற்றி ஒரு வருத்தத்தோடு எழுதுகிறேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிகச் சிறந்த கருத்துக் கேள்வி மே மாதத்தில்தான் விழுகிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. ஏற்காட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டுமா? அடிவாரத்துப் பிள்ளை மலர்க் கண்காட்சி நாள்களில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் வண்டி வரிசை நிற்பதைப் பார்த்திருக்கும். மலைமேல் இருக்கிற பிள்ளையின் மாமா படகுத்துறைப் பக்கம் மிளகாய் பஜ்ஜி போடுகிறவராக இருப்பார்; வண்டி வராவிட்டால் வியாபாரம் இல்லை. இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்த காரணம் இருக்கிறது. நாளிதழில் படிக்கவும் செய்தி இருக்கிறது. படித்தால் கருத்து மாறவும் மாறும்.

என்ன செய்வது, பள்ளிக்குப் பூட்டு. பெற்றோர் யாராவது வீட்டில் செய்து பார்க்க நினைத்தால் நான் இதைத்தான் சொல்வேன்: வாரம் ஒருமுறை கிளை நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள், நாளிதழில் ஏற்காடு செய்தியைச் சேர்ந்து படியுங்கள், சாப்பிடும்போது எதிர்க் கட்சியில் நின்று பேசுங்கள். பத்து வரி எழுதினால் போதும். எழுத மறுத்தால் பேசினாலும் போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் இது நன்றாக நடக்கும். முப்பது பேர் உள்ள வகுப்புக்கு மே மாதம் உதவாது.

மழை

ஆக, சேலம் நகரத்திலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள பள்ளிகளுக்கு என் தேர்வு ஐப்பசி, கார்த்திகை மழைதான். காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பியது முதல் அரையாண்டுத் தேர்வு வரை உள்ள காலம் ஆண்டின் நீளமான படிப்புக் காலங்களில் ஒன்று. தீபாவளி நடுவில் வந்தாலும் மழை அதற்குப் பிறகும் பெய்யும். விளையாட்டு மைதானம் சேறாகிப் பிள்ளைகள் உள்ளேயே அடைந்து கிடக்கும் நாள்கள் வாசிப்புக்கு வசதி.

கேள்வி எளியது: "மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை விட வேண்டுமா?"

கேட்டவுடன் முழு வகுப்பும் "வேணும்!" என்று கத்தும். கத்தட்டும். அந்த முதல் வாக்கை அப்படியே பதிவு செய்யுங்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, இரண்டு டப்பா. எண்ணிச் சுவரில் எழுதிவிடுங்கள். அப்புறம் படிக்க ஆரம்பிக்கலாம்.

முதலில் நாளிதழில் வருகிற மழையளவுப் பட்டியல். ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர், தம்மம்பட்டி, ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, மேட்டூர் என்று ஊர் ஊராக மில்லிமீட்டரில் கொடுத்திருப்பார்கள். இதை ஒரு வாரம் தொடர்ந்து படித்தாலே பிள்ளைகளுக்கு ஒன்று புலப்படும். மலையில் கொட்டித் தீர்த்த அதே நாளில் சங்ககிரியில் தூறலோடு நின்றிருக்கும். உடனே ஒரு கை உயரும்: "அப்படின்னா மலைக்கு மட்டும் லீவு விட்டா போதாதா டீச்சர்?" மாவட்டம் முழுவதற்கும் விடுவதா, வட்டத்துக்கு மட்டும் விடுவதா என்று ஆட்சியர் யோசிக்கிற அதே கேள்விக்குப் பட்டியலைப் படித்த ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. இதற்கு முன் சொன்ன எந்தப் பருவமும் இவ்வளவு எளிதாக இதைச் செய்து கொடுப்பதில்லை.

அடுத்து வானிலை மையத்தின் சொற்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளும் உண்டு. இந்த எண்கள் வந்த பிறகு, "நிறைய மழை பெஞ்சா" என்று எழுதிய பிள்ளை, "64 மி.மீ.க்கு மேல் பெய்தால்" என்று எழுதும். ஒரு லிட்டர் பாட்டிலின் வளைந்த மேல் பகுதியை வெட்டி, கவிழ்த்துப் புனல் மாதிரி செருகினால் பள்ளிக்கே ஒரு மழைமானி கிடைத்துவிடும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் சிறிய கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை நீர் ஊற்றிச் சமன் செய்து, அங்கிருந்து ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும். இந்தச் செய்முறையையே பிள்ளைகள் வாசிக்கிற பத்தியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாகத்தான் கதை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட நுழை, நட, ஓடு, பற வரிசையில் பள்ளியில் உள்ளவற்றில் மழை, ஆறு, குளம் வருகிற புத்தகங்களைத் தனியே எடுத்து வையுங்கள். நான்கு நிலைகள் இருப்பதால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையும் கடகடவென்று படிக்கிற பிள்ளையும் ஒரே தலைப்பில் இருக்கலாம். போதாவிட்டால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. செய்தியையும் எண்ணையும் முதலில் கொடுத்துவிட்டுக் கதையைப் பின்னால் வைப்பது என் பழக்கம். கதையில் தொடங்கினால் பிள்ளைகள் கதையிலேயே இருந்துவிடுவார்கள்.

நான்காவது வாசிப்புப் புத்தகத்தில் இருக்காது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒருவரிடம், "மழை விடுமுறை விட்டா உங்களுக்கு நல்லதா, கஷ்டமா?" என்று கேட்டு மூன்று வரி எழுதி வர வேண்டும். வந்த வரிகளைச் சேர்த்து ஒரு தாளில் நகலெடுத்தால் அதுவே வகுப்பின் வாசிப்புப் பாடம். இங்கேதான் கருத்து உண்மையில் மாறத் தொடங்குகிறது. கொலுசுப் பட்டறைக்குப் போகிற அம்மா, பிள்ளையைத் தனியே விட்டுப் போக முடியாமல் ஒரு நாள் கூலியை இழக்கிறார். கைத்தறிக்காரர் வீட்டில், மழையென்றால் பாவடியில் (நெசவு நூலை நீட்டி விரிக்கிற திறந்த வெளியில்) பாவு போட முடியாது, எல்லாரும் வீட்டில்தான், ஆகவே லீவு விட்டாலும் கவலை இல்லை என்பார்கள். ஒரு பாட்டி, "இஸ்கூல்ல காலைலயும் மத்தியானமும் சோறு போடறாங்க, லீவு விட்டா யாரு போடுவா?" என்று கேட்டிருப்பார். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது. மழை விடுமுறை என்றால் சில பிள்ளைகளுக்கு ஒரே நாளில் இரண்டு வேளை போகிறது. விடுமுறை என்றால் குஷி என்று மட்டும் நினைத்திருந்த வகுப்பு இதைப் படித்ததும் ஒரு நிமிடம் யோசிக்கும். அப்புறம் யாராவது ஒருவர், ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள் என்பதை ஞாபகப்படுத்துவார். டப்பாவில் இருக்கும் புளியங்கொட்டைகள் இடம் மாற இது ஒன்றே போதும்.

எதிர்ப் பக்கமும் சளைத்ததில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஓடை தாண்டி வருகிற பிள்ளை, ஒழுகுகிற வகுப்பறை, நனைந்த சீருடையோடு நாள் முழுக்க உட்காருவது எல்லாம் வலுவான காரணங்கள்.

மீண்டும் வாக்கெடுப்பு. கட்சி மாறியவர்கள், எதைப் படித்ததால் மாறினார்கள் என்று எழுத வேண்டும். மாறாதவர்கள், எதிர்ப் பக்கத்தின் ஒரு நல்ல காரணத்தை எழுதி, அப்படியும் ஏன் மாறவில்லை என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புக்குக் கருத்து ஒன்று, காரணம் இரண்டு போதும். நான்காம் வகுப்பில், அந்தக் காரணம் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் கேட்கலாம்: பட்டியலிலா, கதையிலா, பாட்டியிடமா? "சிலர் ... என்பார்கள். ஆனாலும்..." என்ற வாக்கியத்தை ஐந்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அது வயதில் பெரியவர்களுக்கே வராத வாக்கியம்; அவசரப்பட வேண்டாம்.

ஒரு நிபந்தனை உண்டு. ஆசிரியர் தன் கருத்தைக் கடைசிவரை வெளியே விடக் கூடாது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். தீபாவளிக் கட்டுரைக்கு நேர்ந்த கதி இதற்கும் நேரும்.

மலைப் பள்ளிக்கு வேறு கணக்கு

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் உள்ள பள்ளிகளுக்கு நான் மழையைச் சொல்ல மாட்டேன். அங்கே கனமழைக்கு விடுமுறை என்பது வாதத்துக்கு இடமில்லாத பாதுகாப்பு விஷயம். எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள், நிற்பதுதான் நியாயம். அவர்களுக்குக் காபிப் பழம் எடுக்கிற காலம் பொருத்தம். கார்த்திகையில் தொடங்கித் தை வரை தோட்டங்களில் வேலை மும்முரமாக இருக்கும். அப்பா அம்மா இருவரும் பழம் எடுக்கப் போக, பெரிய பிள்ளை சிறியதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும். வருகைப் பதிவேட்டில் அது தெரியும். "காபி எடுக்கும் மாதங்களில் பள்ளி நேரத்தை மாற்றலாமா?" என்ற கேள்வி அந்தப் பிள்ளைகளின் சொந்தக் கேள்வி. வேலைக்குப் போகலாமா என்ற பக்கம் பேச்சு திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது சட்டம் முடிவு செய்துவிட்ட விஷயம். பிள்ளைகளின் வாக்குக்கு விடக் கூடாது.

கேள்வி சங்கடமாகத் தோன்றினால் காட்டெருமையை எடுக்கலாம். தோட்டத்துக்குள் வரும் காட்டெருமையைத் துரத்துவதா, வழிவிடுவதா? படித்தால் மாறக்கூடிய கருத்து இது. ஆளுக்கொரு அனுபவமும் இருக்கும்.

மலையில் தட்டுப்பாடு படிக்கிற பொருளுக்குத்தான். தங்கள் மலையைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதிய தமிழ்ப் பத்திகள் அரிது. ஆகவே அங்கே ஆசிரியரே உருவாக்க வேண்டும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்த செய்தியைப் பத்து எளிய வாக்கியங்களில் எழுதலாம். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளே தங்கள் முன்னோர் என்கிற கதையை மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துச் சொல்லவைத்து, அவர் பேச்சு வழக்கிலேயே எழுதி, பெரிய எழுத்தில் அச்செடுக்கலாம். கூடுதல் வேலைதான். அதனால்தான் ஓராசிரியர் பள்ளி என்றால், தயங்காமல் மாம்பழத்தோடு நின்றுகொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

பட்டிமன்றமா, கட்டுரையா, கடிதமா?

பருவம் முடிவானாலும் எந்த வடிவில் எழுதவைப்பது என்ற தேர்வு மிச்சம் இருக்கிறது. பட்டிமன்றம் என்றால் எல்லாருக்கும் உற்சாகம். ஆனால் பேசுகிற ஆறு பிள்ளைகள் யார் என்பது வகுப்புக்கு முன்கூட்டியே தெரியும். மற்றவர்கள் கை தட்டுவார்கள். போதாக்குறைக்குப் பட்டிமன்றத்தில் கட்சி மாற முடியாது, கொடுத்த பக்கத்திலேயே நிற்க வேண்டும். நான் தேடுவதற்கு நேர் எதிர் இது. கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டகம் வந்து உட்கார்ந்துகொண்டு, முன்னுரையிலேயே பாதிப் பக்கம் போய்விடும்.

கடிதம்தான் சரி. அதுவும் பதில் சொல்லக்கூடிய ஒருவருக்கு எழுத வேண்டும். ஆட்சியருக்கு எழுதுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதில் வராவிட்டால் பிள்ளைகளின் ஆர்வம் அங்கேயே செத்துவிடும். தலைமை ஆசிரியருக்கோ பள்ளி மேலாண்மைக் குழுவுக்கோ எழுதட்டும். விடுமுறை விடுகிற அதிகாரம் அவர்களிடம் இல்லைதான். மழை நாளில் தாமதமாக வருகிறவர்களை என்ன செய்வது, நனைந்து வருகிறவர்களுக்கு ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் பள்ளியில் வைக்கலாமா என்பதை அவர்கள் முடிவு செய்யலாம். படித்ததெல்லாம் சேர்ந்து கடைசியில் இப்படி ஒரு சின்னக் கோரிக்கையில் வந்து நின்றால் அது தோல்வி இல்லை.

முதல் வரைவில் எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம். ர, ற திருத்த ஆரம்பித்தால் அடுத்த வாரம் பிழை வராத சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம். காலாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில் வாக்கெடுப்பை வைத்துவிடுங்கள். தீபாவளிக்கு முன் வாசிப்பு முடியட்டும், அதற்குப் பிந்திய இரண்டு வாரம் எழுத்துக்கு. கார்த்திகை தீபத்துக்குள் கடிதங்கள் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அரையாண்டுத் தேர்வு அட்டவணை வந்துவிட்டால் அப்புறம் எந்தக் கடிதத்தையும் யாரும் பிரிக்க மாட்டார்கள்.